வெட்டிய பாதியில் ஒரு கை

அடி வாங்கியவள் ஷர்மினி. அடித்தவள் தேனம்மை. இடது கன்னத்தில், பட்டப்பகலில், மொழியியல் துறையின் மாடி வராந்தாவில், வகுப்புத் தோழன் எபநேசரின் செல்போன் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது விழுந்த அறை அது. விழுந்தது என்னவோ ஒன்றுதான். ஆனால் அதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஆராய்ச்சிக்காக எடுத்த படம், ஆராய்ச்சி என்றால் திரும்பத் திரும்பக் காட்டத்தானே வேண்டும், ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குக் காட்டி, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக் காட்டி, சீனம் பேசுகிறவர்களுக்குக் காட்டி, இங்கே என்ன நடக்கிறது சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் இன்று காலை கருத்தரங்கக் கூடத்தில் சுவர் அகலத் திரையில் போட்டபோது கூடமே கொல்லென்று சிரித்தது. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற தேனம்மையும் சிரித்தாள். அங்கேதான் உறுத்துகிறது. அடித்ததைக்கூட ஏதாவது காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாம், சிரித்ததற்கு என்ன காரணம் சொல்வது? ஜன்னல் பக்க வரிசையில் ஷர்மினி உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாளா என்று தேனம்மை பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காகவே அவசர அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினாள். இப்போது சாயங்காலம். பல்கலைக்கழகப் பேருந்து கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கி உறுமிக்கொண்டு போனது. ஏறும்போது வேறு இடமே இல்லை. ஷர்மினி பக்கத்தில் மட்டும்தான் இருந்தது, அவளும் வழக்கம்போலத் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பையை எடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் நாமும் திருப்பிக்கொண்டிருக்கலாமே, சரிக்குச் சரி ஆகியிருக்குமே என்று நினைத்தாள் தேனம்மை. நினைத்த மறுகணமே, சரிக்குச் சரியா, வெட்கமாக இல்லையா உனக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பேசிவிட வேண்டும். முத்தியால்பேட்டை வந்தால் ஷர்மினி இறங்கிவிடுவாள், அதற்குள். “படத் தொகுப்ப நாளைக்கு வெளியூர் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பணும்மா. நடிச்சவங்க எல்லாரும் சரின்னுட்டாங்க. ஷர்மினிகிட்ட மட்டும் நீயே ஒரு வார்த்த கேட்டுரு, உன் கூட்டாளிதானே” என்று பேராசிரியர் சவரிமுத்து மதியம் சொன்னார். வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்தப் படமும் போயிற்று, அதைப் பார்த்து மூன்று மொழிக்காரர்களும் சொன்ன பதில்களும் போயிற்று, ஆய்வேட்டின் நடு அத்தியாயத்தில் ஒரு ஓட்டை. சரி என்று சொன்னால் அந்த அறை ஊர் ஊராகப் போகும், யார் யாரோ, என்றைக்கோ, எந்த நாட்டிலோ உட்கார்ந்து ஷர்மினி அடிவாங்குவதைப் பார்ப்பார்கள். இரண்டில் எதற்குத் தான் அதிகமாகப் பயப்படுகிறோம் என்பதே தேனம்மைக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய்தான். ஓட்டைக்குத்தான் பயம். சவரிமுத்து மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லியாமே, அப்படி என்ன சண்ட ரெண்டு பேருக்கும்?” என்றார். “ஒண்ணுமில்ல சார். எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம்.” எங்களுக்குள்ளயாம்! எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. ஒரு வருஷமாக ராத்திரி பகலாக எதைப் படித்தாளோ அதையே எடுத்து ஒளிந்துகொள்ள ஒரு போர்வையாக்கிப் போர்த்திக்கொண்டாளே. ஒருவரை ஒருவர் என்பதை எந்த மொழி எப்படிச் சொல்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. இரண்டு பேர் கட்டிக்கொள்கிறார்கள், இரண்டு பேர் பரிசு மாற்றிக்கொள்கிறார்கள், இரண்டு பேர் அறைந்துகொள்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு சின்னப் படம். கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒருதலைப் படம் ஒன்று, ஒருத்தி கட்டிப்பிடிக்க மற்றவள் மரமாக நிற்கிறாள், ஒருத்தி கொடுக்க மற்றவள் வாங்குவதோடு சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஸ்பானிஷ்காரர்களுக்கு ‘சே’ என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, தன்னைத்தானே செய்துகொண்டாலும் அதுதான், ஒருவருக்கொருவர் செய்துகொண்டாலும் அதுதான், அசப்பில் நம்முடைய ‘கொள்’ மாதிரி. சந்தேகம் வந்தால் ‘லா உனா அ லா ஓத்ரா’ என்று நீட்டி முழக்க வேண்டும், ஒருத்தி மற்றவளை என்று. ஆங்கிலத்தில் முத்தம் கொடுத்தார்கள், சந்தித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு பக்கமும் என்று தானாகப் புரிந்துவிடும். அறைந்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ‘ஈச் அதர்’ என்று சொல்லியே ஆகவேண்டும். முத்தமென்றால் தானாகவே இரண்டு பேருக்கும் பொது, அறையென்றால் யார் யாரை என்று கேட்டு வைத்துக்கொள்கிறது அந்த மொழி, நியாயமான மொழி என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதினாள். சிரிப்பு. எல்லாவற்றிலும் சிரிப்பு. பக்கத்தில் ஷர்மினியின் முழங்கை வண்டியின் குலுக்கலில் அவள் முழங்கையை இடித்தது, விலகியது, மறுபடி இடித்தது. யார் யாரை இடிக்கிறார்கள் என்று இதற்கு மட்டும் சொல்லவே முடியாது, வண்டி இடிக்கிறது இருவரையும், அவ்வளவுதான். எல்லாமே வண்டி செய்கிற வேலையாக இருந்துவிட்டால் என்ன சுகம்.

ஆனால் அன்றைக்கு வண்டி இல்லை. வராந்தாதான், வெயில்தான், கீழே சைக்கிள் நிறுத்தத்தில் யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். சமோசாவும் டீயும்தான் நடிக்கிறவர்களுக்குக் கூலி, துறையில் எல்லாரும் எல்லாருடைய படத்திலும் நடித்துக் கொடுப்பதுதான் பழக்கம், நீ என் படத்தில் அழு, நான் உன் படத்தில் விழுகிறேன். அடிப்பதுபோல பாவனை செய்து முதலில் ஒன்று எடுத்தார்கள். விடுதிப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினால், “ரெண்டு பேரும் சும்மா நடிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த மொழியின் அறையை ஆராய்வது? “நெசமா அடிச்சாத்தான் நெசமா பதில் வரும். லேசா அடிப்போம். நான் உன்ன, நீ என்ன. ரெண்டுமே ஒரே படத்துல வரணும், வெட்டு ஒட்டு இல்லாம” என்று சட்டம் பேசியவள் தேனம்மைதான். ஷர்மினி தோளைக் குலுக்கி, “சரி லா, லேசா” என்றாள். அவள் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்த பெண், அந்த ‘லா’ அந்த ஊர்ப் பேச்சு, சீனப் பள்ளியில் படித்தவள், வகுப்பிலேயே ஒரே தமிழ்ப் பிள்ளை, இங்கே வந்தால் வகுப்பிலேயே ஒரே மலேசியப் பிள்ளை. காலையில் பார்த்தால் “பசியாறிட்டியா?” என்று கேட்பாள், இவர்கள் சிரிப்பார்கள், சிரித்தாலும் மறுநாளும் கேட்பாள். அன்று காலை வகுப்பில் தேனம்மை எழுந்து நின்று முழங்கிக்கொண்டிருந்தாள், சீனத்தில் ஒருவரை ஒருவர் என்பதற்கு இலக்கணமே கிடையாது, ‘ஹூஷியாங்’ என்று ஒரு சொல்லை வினைக்கு முன்னால் செருகுவதோடு சரி, அது அகராதி வேலை, இலக்கண வேலை இல்லை என்று. ஷர்மினி உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலைக்கூட உயர்த்தாமல், “அப்படி இல்ல தேனு. நாங்க வாக்கியத்தையே ரெண்டு தடவ சொல்லுவோம். நி கான் வோ, வோ கான் நி. நீ என்னப் பாக்குற, நான் உன்னப் பாக்குறேன். சின்னப் பிள்ளைங்க சண்ட போட்டாக்கூட அப்படித்தான் சொல்லும். இலக்கணம் அங்கதான் இருக்கு” என்றாள். எபநேசர் பெஞ்சைத் தட்டி, “தேனு, ஆய்வேடு காலி! கட்ட வேண்டியதுதான் மூட்டைய” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். காதுமடல் கொதித்தது. சரியான விஷயத்தைச் சரியாகச் சொன்னவள் மேல் கோபம் வரலாமா என்று கேட்டால், வரக்கூடாது, வராது, விவாதம் வேறு ஆள் வேறு என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பவள் அவள். மதியம் வராந்தாவில் எபநேசர் “ஸ்டார்ட்” என்று சொன்னபோது கை லேசாகப் போகவில்லை. போகிற வழியிலேயே அது கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. ஷர்மினியின் முகம் பக்கவாட்டில் போய்த் திரும்பி வந்தது, கண்ணில் சட்டென்று தண்ணீர், அதற்குப் பின்னால் ஒரு கேள்வி. இவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும், அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இவளுக்கும், நி கான் வோ, வோ கான் நி. அதற்கப்புறம் ஷர்மினி கையை ஓங்கினாள். அவள் முறை அது. பேசி வைத்த முறை. அந்தக் கை பாதி வழி வந்தபோது தேனம்மையின் கை தானாக எழுந்து அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தானாக! மறுபடியும் வண்டியின் தலையில் போடுகிறாய், பார். “ஐயோ, நான் ரெடியாகல” என்று சிரித்தாள். எபநேசர், “இன்னொரு டேக் போவமா?” என்றான். ஷர்மினி மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, “போதும் லா” என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் படியிறங்கினாள்.

அறைந்துகொள்ளும் படத்துக்கு எபநேசரும் இன்னொருவனும் மறுநாள் நடித்தார்கள், இருவரும் சிரித்துக்கொண்டே மாறி மாறி, அது நன்றாகவே வந்தது. ஒருதலைப் படத்துக்கு இது. வீணாக்குவானேன் என்று தேனம்மைதான் கணினியில் உட்கார்ந்து பின்பாதியை வெட்டினாள், கை ஓங்குவதற்குச் சற்று முன்னால், கச்சிதமாக. வெட்டியபின் பார்த்தால் ஷர்மினி அடியை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறாள். “ஷர்மினி, இத ஒருதலைக்கு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டது உண்மை. அவள் திரையைப் பார்க்காமல் “ம்” என்றதும் உண்மை. அந்த “ம்”மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவள்தான் விடுதியில் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஆண்களைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசினாள். ஆரோவில்லில் அந்த அர்ஜென்டினா அம்மாள், படத்தைப் பார்த்து ஒருத்தி மற்றவளை அறைகிறாள் என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டு, முடிந்துபோன திரையையே பார்த்துக்கொண்டு, “இ லா ஓத்ரா?” என்றாள். மற்றவள்? மற்றவள் என்ன செய்தாள்? ஆங்கிலம் பேசிய பெரியவர், பாவம், ஏன் அந்தப் பெண் அப்படியே நிற்கிறாள் என்று தேனம்மையிடமே கேட்டார். எல்லாரும் அதையே கேட்டார்கள், அவளும் பேனாவை உருட்டிக்கொண்டு, படத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்று எல்லாருக்கும் அதே பதிலைச் சொன்னாள். சீனத்துக்கு ஆள் தேடியபோது, “என் பள்ளிக்கூடத் தோழிங்க இருக்காங்க, வீடியோ கால்ல கேக்கலாம்” என்று தன் தோழிகளைக் கொண்டுவந்தவளும் ஷர்மினிதான், அவளைத் தவிர யாருக்கு அந்த மனசு வரும். செல்போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மடிக்கணினியில் தானே அடிவாங்கும் படத்தைத் தானே ஓடவிட்டு, இங்கே என்ன நடக்கிறது என்று தானே சீனத்தில் கேட்டாள். பக்கத்தில் தேனம்மை, எழுதிக்கொள்ள. திரையில் அந்தத் தோழி ஏதோ சொன்னாள், அப்புறம் வேகமாக இன்னும் ஏதோ கேட்டாள், ஷர்மினி தலையை ஆட்டினாள். “என்ன சொன்னா?” “அந்தப் பொண்ணு இந்தப் பொண்ண அடிச்சான்னு சொன்னா.” “அப்புறம் ஏதோ கேட்டாளே?” “அது சும்மா லா, வீட்டு விஷயம்.” எழுதிக்கொண்டாள். நேற்றுதான் பதிவைக் காதில் மாட்டி மறுபடி கேட்டாள். இந்த ஒரு வருஷத்தில் நி, வோ, தா இந்த மூன்றும் வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டன, நீ, நான், அவள். தோழி சொன்னதன் கடைசியில் ‘நி’ இருந்தது. இந்தப் பெண்ணை இல்லை. உன்னை. அவள் உன்னை அடித்தாள். படத்தைப் படமாகப் பார்க்க அந்தத் தோழிக்கு மட்டும் தெரியவில்லை, தெரிந்த முகம் அல்லவா. அப்புறம் அந்த வேகமான கேள்வி, அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அகராதியில் ஒவ்வொரு ஒலியாகத் தடவித் தடவிப் பார்த்தாள். ‘ஹுவான் ஷோ’ என்று வந்தது. பதிலுக்கு அடிப்பதற்குச் சீனத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், கையைத் திருப்பிக் கொடுப்பது. நீ ஏன் கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை? தன் சின்ன வயதுத் தோழி அப்படிக் கேட்க, பக்கத்தில் அடித்தவள் பேனாவோடு காத்திருக்க, வீட்டு விஷயம் என்று சொல்லி மூடினாளே ஷர்மினி. யாரைக் காப்பாற்ற? காதிலிருந்து கருவியைக் கழற்றிய பிறகும் தேனம்மைக்கு அந்தக் கேள்வி ஓயவில்லை, இன்று காலை மேடையில் சிரித்தபோதுகூட அது காதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தெரிந்தேதான் போட்டாள். தெரிந்தேதான் சிரித்தாள்.

கோட்டக்குப்பம் தாண்டியாயிற்று. ஜன்னல் வழியாக மீன் வாடையும் டீசல் புகையும் கலந்து உள்ளே அடித்தது, முன்னால் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சொல்லிவிடலாம். எப்படி ஆரம்பிப்பது? ‘ஷர்மினி, நமக்குள்ள நடந்தத மறந்துரலாம்.’ நமக்குள்ள நடக்கவில்லை. ‘அன்னைக்கு ரெண்டு பேருமே கொஞ்சம் கோவமா இருந்தோம்.’ பொய், அவள் கோபமாக இல்லை. ‘ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்காம...’ சே, எந்த மொழியில் தொடங்கினாலும் வாக்கியம் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வருகிறது, பாதி அடியைத் தூக்கி அவள் கன்னத்திலேயே திரும்ப வைக்கிறது. சீனப் பள்ளியைப் பற்றி ஷர்மினி ஒருமுறை சொன்னாளே. இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் டீச்சர் யார் அடித்தது என்று கேட்கவே மாட்டாராம், இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்து மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்கச் சொல்வாராம். அடிவாங்கிய பிள்ளையும் குனிந்து கேட்க வேண்டும். “நான் நெறைய குனிஞ்சிருக்கேன் லா” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அந்த டீச்சர் மேல் கொதித்தவள் யார்? இதே தேனம்மை. போன வருஷம் ஒரு சேரியில் புகுந்து வீடுகளை நொறுக்கிய செய்தியைப் பத்திரிகைக்காரன் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று போட்டபோது, விடுதிப் பலகையில் அதை ஒட்டி, சிவப்பு மையில் ‘மோதல் அல்ல, தாக்குதல், தரப்பு இரண்டல்ல, ஒன்று’ என்று எழுதி, வார்டனோடு மல்லுக்கு நின்றவள் யார்? அதுவும் இவள்தான். அந்தப் பத்திரிகைக்காரனாவது யாரோ ஒருவருக்காக எழுதினான். இவள் தனக்காகச் சொன்னாள், எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம் என்று. இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்று துறை முழுக்கப் பேச்சு. பேசிக்கொள்வதில்லையா? ஆய்வு வேலை தவிர எதுவும் பேசாமல் இருந்தது இவள் ஒருத்திதான், ஷர்மினி அடுத்த நாள் காலையில்கூடப் படிக்கட்டில் நின்று “பசியாறிட்டியா தேனு?” என்று கேட்டாள், இவள்தான் அவசரமாகப் போவதுபோல் போனாள். அதையும் இரண்டாக்கிவிட்டார்கள், இவளும் ஆமென்று இருந்துவிட்டாள். நடத்துநர் “முத்தியால்பேட்ட எறங்குறவங்க முன்னாடி வாங்க” என்று கத்தினார். ஷர்மினி பையின் வாரைத் தோளில் மாட்டினாள். இவள் எழுந்து வழிவிட வேண்டும். எழவில்லை. இப்போது கேட்காவிட்டால் நாளை தொலைபேசியில் கேட்கலாம், முகம் பார்க்க வேண்டாம், அவளும் “ம்” என்பாள், அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

“ஷர்மினி. நான் உன்ன அடிச்சேன்.”

ஷர்மினி பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். தேனம்மைக்குத் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. “நடிப்பு இல்ல. அன்னைக்குக் காலைல நீ வகுப்புல என்னத் திருத்துன, அந்தக் கோவத்துல அடிச்சேன். நீ அடிக்க வந்தப்ப உன் கையப் புடிச்சேன். அப்புறம் அத வெட்டுனேன். நேத்து உன் தோழி கேட்டதயும் கேட்டேன், ஹுவான் ஷோ, அர்த்தம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இன்னிக்குப் போட்டுச் சிரிச்சேன். நீ எதுவும் செய்யல. படம் நாளைக்கு வெளியூருக்குப் போவுது, நீ வேணாம்னா எடுத்துர்றேன், ஆய்வேடு எப்படிப் போனாலும் போவட்டும்.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே அதில் ஒரு துளி வீரம் ஒட்டியிருப்பது தெரிந்து அதற்கும் சேர்த்துக் கூசியது. வேண்டுமென்றால் இப்போது அடி, திருப்பிக் கொடு என்று கன்னத்தைக் காட்டவும் தோன்றியது. அதுவும் ஒரு நடிப்பு, அதையும் அவள்தான் வந்து செய்து கொடுக்க வேண்டும், சரிக்குச் சரி ஆக்கிவிட்டு இவள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவாள். வாயை மூடிக்கொண்டாள். வண்டி நின்றது. நடத்துநர், “எறங்குறீங்களா இல்லியாம்மா, பேச்ச எறங்கிப் பேசக்கூடாதா?” என்றார். தேனம்மை எழுந்து ஒதுங்கினாள். ஷர்மினி அவளை உரசாமல் கடந்து, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அன்றைக்கு வராந்தாவில் இருந்த கேள்வியும் இல்லை.

“படம் இருக்கட்டும் லா. வெட்டுன பாதியையும் சேத்து அனுப்பு, என் தோழிங்களுக்கும். என் கை வந்துச்சுன்னு அவளுங்களுக்குத் தெரியணும்.”